குடத்தில் வந்த பிபிஏ

'தெரியாது' என்று சொல்லியே பிழைத்த மனிதன் இந்தப் பூமியில் ஒருவன்தான் உண்டு. அவன் எங்கள் உத்திரமேரூரில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், உரக்கடை மாடியில் இருக்கிறான். ஊரில் அவனுக்குப் பெயர் பிபிஏ. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு, அது ரேஷன் கார்டோடு சரி. கூரியர் கொண்டுவருகிறவர்கூட "பிபிஏ சார் வூடு எது?" என்று கேட்டுக்கொண்டுதான் வருவார்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு அவன்மேல் பொறாமை. லேசான பொறாமை இல்லை, வயிறு எரிகிற பொறாமை. நானும்தான் படித்தேன், பி.இ. மெக்கானிக்கல். "ஏம்பா பி.இ." என்று தெருவில் ஒருத்தராவது என்னைக் கூப்பிட்டதுண்டா? இன்றைக்கும் நான் 'ஏழுமலை பையன்'. அரியரோடு மல்லுக்கட்டி வாங்கிய என் பட்டம் ஹாலில் ஆணியில் தொங்குகிறது, அவன் வாங்கியது அவனுக்குப் பெயராகவே ஒட்டிக்கொண்டது.

இந்த வாரப் பத்தியில் உன்னைப் பற்றித்தான் எழுதப் போகிறேன் என்று அவனிடமே போய்ச் சொன்னேன்.

"எய்தேன். எனுக்கு இன்னா" என்றான்.

"திட்டித்தான்டா எழுதப் போறேன்."

"இன்னான்னு திட்டப் போற?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆசையாகக் கேட்டான். இவனை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் நிம்மதியாகப் பொறாமைப்படக்கூட முடியாது.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம். ஆறாவது படிக்கும்போது காஞ்சிபுரத்திலிருந்து வந்த என் சித்தப்பா எங்களை நிற்கவைத்து, "பெரியவனாயி இன்னா ஆவப் போறீங்கோ?" என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. "மெக்கானிக்கல் இன்ஜினியர்" என்றேன். அந்தச் சொல்லை முந்தின நாள்தான் பேப்பரில் பார்த்திருந்தேன், அர்த்தம் எல்லாம் தெரியாது. சித்தப்பா என் தலையைத் தடவி ஒரு சாக்லெட் கொடுத்தார். அடுத்து இவன். மேலே பார்த்தான், கீழே பார்த்தான், தலையைச் சொறிந்தான். "தெரிலபா" என்றான். சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்துவிட்டு அவனுக்கு இரண்டு சாக்லெட் கொடுத்தார். என் வயிற்றெரிச்சலுக்குப் பிள்ளையார் சுழி போட்டது அந்த இரண்டாவது சாக்லெட்தான்.

நான் சொன்ன பதில் என்னோடு நின்றிருந்தால் பரவாயில்லை. என் அப்பா அதைக் கண்ணில் பட்டவரிடமெல்லாம் சொல்லி, கடைசியில் காஞ்சிபுரம் பஸ் கண்டக்டர் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். அந்த மனிதர் டிக்கெட் கிழிக்கும்போதெல்லாம் "இன்ஜினியரே, உள்ள போங்கோ" என்பார். எனக்கோ சைக்கிள் செயின் கழன்றால் மாட்டத் தெரியாது, இவன்தான் மாட்டிவிடுவான். நடுவில் எனக்குச் சரித்திரம் பிடித்தது. பிளஸ் டூவில் கொஞ்சநாள் கதை எழுதிப் பார்த்தேன், அதுவும் பிடித்தது. பிடித்து என்ன செய்ய? கண்டக்டருக்கு யார் பதில் சொல்வது?

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் எங்கள் வீட்டில் பேச்சே இல்லை, நேராக இன்ஜினியரிங். அவன் வீட்டில் மட்டும் ஒரு வாரம் சண்டை. அவன் நைனாவுக்கு மகன் விவசாயப் படிப்பு படித்து அதிகாரியாக வந்து தன் நிலத்திலேயே இறங்கிப் பார்க்கவேண்டும். அம்மாவுக்கு அவன் வாத்தியாராக வேண்டும். தாய்மாமனோ இன்ஜினியரிங்கைத் தவிர எதையும் படிப்பென்றே ஒப்புக்கொள்வதில்லை. இவனைக் கேட்டால் பழைய பாட்டுத்தான், "தெரிலபா."

எங்கள் ஊர்ச் சங்கதி ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்தில் ஓலையில் பெயரெழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுத்து ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுத்த கல்வெட்டு எங்கள் கோயில் சுவரில்தான் இருக்கிறது. மற்ற ஊர்ப் பிள்ளைகளைச் சுற்றுலா என்று மகாபலிபுரம் கூட்டிப்போவார்கள். எங்களை வரிசையாக நடத்திக்கொண்டுபோய் அந்தக் கல்வெட்டைக் காட்டிவிட்டுத் திரும்ப நடத்திக்கொண்டு வந்துவிடுவார்கள். பஸ் வாடகை மிச்சம். வருஷா வருஷம் பார்த்துப் பார்த்து அது எங்கள் ரத்தத்திலேயே ஊறிவிட்டது. கிரிக்கெட்டில் யார் முதலில் பேட் பிடிப்பது, திருவிழாவில் யார் மைக் பிடிப்பது, எது தகராறானாலும் எவனாவது ஒருத்தன் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவான். குடத்தில் வந்துவிட்டால் வந்ததுதான், அதற்குமேல் அப்பீல் கிடையாது.

இவன் வீட்டிலும் குடம் வந்தது. குடிதண்ணீர் எடுக்கிற சில்வர் குடம். ஆளுக்கு ஒரு சீட்டு எழுதிப் போடுவது, வீட்டு ஆள் எடுத்தால் திருட்டுத்தனம் இருக்கும், அதனால் வெளியாள் எடுப்பது என்று முடிவு. வெளியாள் நான்தான். கண்ணை மூடிக்கொண்டு குடத்துக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்து அவன் மாமாவிடம் நீட்டினேன். பிரித்தவர் முகம் கோணிக்கொண்டு போயிற்று.

"இன்னாடா எய்திக்கீது இதுல?"

"இன்னா மாமா?"

"தெரிலன்னு எய்திக்கீது."

"என் சீட்டுதான் அது" என்றான் இவன், பரிசு விழுந்த மாதிரி. "அவங்கவங்க மனசுல கீறத எய்தணும்னு நீதான சொன்ன? என் மனசுல அதான் கீது."

மாமா கத்தினார். இது செல்லாது, இன்னொரு தரம் எடுக்கவேண்டும் என்று குதித்தார். இவன் நைனா எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சொன்னார்: "கொடத்துல வந்தது வந்ததுதான். அப்பால இன்னா பேச்சு? 'தெரில'ன்னு வந்துகீது. அத்தப் படிக்கறதுக்கு எந்தக் காலேஜுன்னு பாப்போம்."

அவ்வளவுதான், மறுநாள் குடும்பமே கிளம்பிவிட்டது. நைனா, அம்மா, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மாமா, சீட்டை எடுத்த பாவத்துக்கு நான். காஞ்சிபுரத்தில் ஒரு கலைக் கல்லூரி. அட்மிஷன் ஜன்னலுக்கு உள்ளே கண்ணாடி போட்ட ஒருவர் தலையைத் தூக்காமலே கேட்டார்.

"எந்த கோர்ஸ்?"

"தெரிலன்னு வந்துகீது சார்" என்றார் நைனா, பயபக்தியோடு.

கண்ணாடிக்காரர் தலையைத் தூக்கினார். சிரிப்பார் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்தார். "பையனுக்கு என்ன ஆவணும்னு தெரியல, அதான? அப்ப பிபிஏ எடுக்கச் சொல்லுங்க. விக்கறது, வாங்கறது, கணக்கு, ஆளுங்கள வேலை வாங்கறது, கம்பெனி சட்டம், எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் சொல்லிக்குடுப்பாங்க. நடுவுல ரெண்டு மூணு எடத்துல போய் வேலை பாத்துட்டும் வரலாம். எது புடிக்குதோ பின்னாடி அதுல போய்க்கட்டும். எந்தக் கதவும் சாத்திக்காது."

"அப்போ கல்யாண வூட்டு எலைன்னு சொல்லு" என்றார் மாமா வெறுப்பாக. "எல்லாத்துலியும் ஒரு கரண்டி."

"ஆமாங்க. எது ருசியோ அத மறுக்கா கேட்டு வாங்கிக்கலாம்" என்றார் அவர்.

இவன் முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டுமே. இவனைப்போலத் தெரியாதவர்களுக்கென்றே ஒரு படிப்பு, அதற்கொரு டிகிரி, அதற்கொரு கட்டடம். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அந்த ஜன்னலுக்குள் தலையை விட்டு "சார், எனக்கும்தான் தெரியல" என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் என் அப்பா ஒரு இன்ஜினியரிங் காலேஜில் முன்பணம் கட்டிவிட்டிருந்தார்.

அதற்குப் பிறகு நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். காலையில் கூட்டமான பஸ்ஸில் டிராஃப்டரையும் சுருட்டிய படத்தாளையும் தூக்கிக்கொண்டு, யார் கண்ணையாவது குத்தித் திட்டு வாங்கிக்கொண்டு நான் காலேஜ் போவேன். இவன் டீக்கடையில் உட்கார்ந்திருப்பான்.

"இன்னாடா, காலேஜ் போவலியா?"

"இதான் இன்னிக்குக் காலேஜு. கஸ்டமரு எப்டி நடந்துக்கறாங்கோன்னு பாத்துக்கினு வரச் சொல்லிக்கீறாங்கோ. தோ பாரு, எல்லாரும் டீய வாங்கிக்கினு வெளிய போயி நின்னு குடிக்கிறாங்கோ. பெஞ்சு காலியாத்தான் கீது."

"ஏன்?"

"தெரில. போயிக் கேக்கணும்."

போய்க் கேட்டும்விட்டான். உள்ளே உட்கார்ந்தால் டீ மாஸ்டர் தன் மச்சானோடு நடக்கிற வரப்புத் தகராறை முதலிலிருந்து ஆரம்பித்துவிடுகிறார் என்றார்கள். இவன் அதை மாஸ்டரிடமே பக்குவமாகச் சொன்னான். மாஸ்டர் வரப்பை விட்டார், பெஞ்சு நிறைந்தது, வடை சட்டி காலியாயிற்று. இதையே எழுதிக் கொடுத்துக் காலேஜில் முதல் மார்க் வாங்கினான். அதே வாரம் நான் தெர்மோடைனமிக்ஸில் ஃபெயில். டீ குடித்து மார்க் வாங்கியவனோடு ஒரே தெருவில் இருப்பது எவ்வளவு பேஜார் என்று என்னைக் கேளுங்கள்.

படிப்பு முடிந்தது. நான் ஒரகடம் பக்கம் கார் உதிரிப்பாகம் செய்கிற கம்பெனி ஒன்றில் சேர்ந்தேன். விடிவதற்குள் எழுந்து கம்பெனி பஸ் பிடித்து, ஒரே லைனில், ஒரே சத்தத்தில் வருஷக்கணக்காக வேலை. ஒரு தடவை மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டுத் திரும்பிப் போனபோது பக்கத்து மிஷின்காரர், "நைட் ஷிஃப்ட் போட்டாங்களா உன்ன?" என்று கேட்டார். நான் இல்லாதது அவருக்குத் தெரியவே இல்லை.

இவனோ ரைஸ்மில்லில் கொஞ்சநாள், காஞ்சிபுரத்தில் பட்டுக்கடையில் கொஞ்சநாள், ஒரு ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் கொஞ்சநாள், பாயின் ஃபேன்சி கடையில் கொஞ்சநாள் என்று சுற்றினான். ஒவ்வொரு இடத்திலும் ஒருநாள் காலையில் எழுந்து, "இது இல்ல போல கீது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவான். கிளம்பும்போது ஆட்கள் அழுதார்கள். பட்டுக்கடை முதலாளி ஜரிகை வேட்டி கொடுத்து அனுப்பினார். ஃபேன்சி சாமான் கடை பாயோ "நீ போய்க்கோ, ஆனா ரம்ஜானுக்கு வந்து நிக்கணும்" என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். நான் ஊரெல்லாம் சொல்லிப் பார்த்தேன், இவன் உருப்படப் போவதில்லை, எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்று. யாரும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. நான் மட்டும் காத்திருந்தேன், இன்றைக்குக் கவிழ்வான், நாளைக்குக் கவிழ்வான் என்று. பாவி கவிழவே இல்லை.

கடைசியில் உரக்கடை மாடியில் ஒரு ரூம் எடுத்தான். போர்டு எழுத வந்த பெயிண்டர் மேலே 'பிபிஏ' என்று பெரிதாகப் போட்டுவிட்டு, "கீய இன்னா எய்தணும்? இன்னா தொயிலுன்னு சொல்லு" என்றார்.

"தெரில. எடம் வுட்டு வை, அப்பால சேத்துக்கலாம்" என்றான்.

பெயிண்டர் இடம் விட்டுவிட்டு அடியில் போன் நம்பரைப் போட்டுவிட்டுப் போனார். இன்னும் அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது. அதற்காக ஆள் வராமல் இல்லை. படிக்கட்டில் எப்போதும் நாலு பேர் நிற்கிறார்கள். வருகிறவர் எதைக் கேட்டாலும் இவன் முதல் வார்த்தை 'தெரில'தான். இரண்டாவது வார்த்தை, "வா, போயிக் கேக்கலாம்." கூடவே எழுந்து போய்விடுவான், அதுதான் அவன் தொழில்.

எங்கள் ஊர் ரைஸ்மில் விஷயத்தில் நான் நேரடியாகவே அடிபட்டேன். மில்லுக்கு நெல் வரத்து குறைந்துவிட்டது, எல்லாரும் செங்கல்பட்டு ரோட்டு மில்லுக்குப் போகிறார்கள் என்று முதலாளி என்னைக் கூப்பிட்டார், இன்ஜினியர் என்று மதித்து. வாழ்க்கையில் முதல்முறை. நான் மோட்டாரைச் சுற்றி வந்தேன், பெல்ட்டைத் தட்டிப் பார்த்தேன். "மோட்டாரு மாத்தணும். பெரிசா போடணும்" என்றேன் கம்பீரமாக. முதலாளி எதற்கும் இருக்கட்டும் என்று இவனையும் கூப்பிட்டார். இவன் மில்லுக்குள்ளேயே வரவில்லை. "தெரில, போயிக் கேட்டுக்கினு வரேன்" என்று அந்த இன்னொரு மில் வாசலில் போய் டிராக்டர்காரர்களோடு உட்கார்ந்துவிட்டான். அங்கே ஒரு தகரக் கொட்டகை போட்டு, பெஞ்சும் தண்ணீர்ப் பானையும் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். எங்கள் மில்லில் நெல் கொண்டுவந்தவன் வெயிலில் நிற்கவேண்டும். முதலாளி கொட்டகை போட்டார், டிராக்டர்கள் திரும்பி வந்தன. அந்தப் பக்கம் போனால் இப்போதும் முதலாளி "மோட்டாரு நல்லா ஓடுது தம்பி" என்பார். நான் வேறு தெருவாகப் போகிறேன்.

இதையாவது தாங்கிக்கொள்ளலாம். என் கல்யாணக் கதைதான் தாங்க முடியாதது. காஞ்சிபுரம் பக்கம் தாமலில் பெண் பார்க்கப் போனோம். துணைக்கு இவனையும் கூட்டிப்போனது என் கெட்ட நேரம். பெண்ணின் அப்பா, "மாப்ள, மேற்கொண்டு இன்னா பண்றதா உத்தேசம்?" என்று கேட்டார். நான் விடுவேனா? சூப்பர்வைசர் எப்போது, மேனேஜர் எப்போது, வீடு எப்போது, கார் எப்போது என்று வரிசையாக ஒப்பித்தேன். பெரியவர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு இவன் பக்கம் திரும்பினார்.

"தம்பி நீங்கோ இன்னா பண்றீங்கோ?"

"தெரிலீங்க. இப்போதிக்கு இவன்கூட வந்துகீறேன்."

கூடம் முழுக்கச் சிரித்தது. இவன் இலையில் இரண்டாவது வடை விழுந்தது. உள்ளே கதவோரம் பெண்ணும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கென்று நினைத்துக்கொண்டு நான் கல்யாணம் செய்துகொண்டேன். கல்யாணமாகி ஒரு வருஷம் கழித்து என் மனைவி கலைச்செல்வி, அரிசி களைந்துகொண்டே உண்மையைச் சொன்னாள்.

"அன்னிக்கு நீங்கோ பேசிக்கினே போனீங்களா, எனுக்குப் பயமாத்தான் இருந்துச்சி. பிபிஏ அண்ணன் பேசனப்பறம்தான் நிம்மதியாச்சி. இப்டி ஒரு ஆளு இவருகூட சுத்துறாருன்னா இவரு மோசமா இருக்க மாட்டாருன்னு ஒத்துக்கினேன்."

ஆகமொத்தம் எனக்குப் பெண் கிடைத்ததே அவன் சிபாரிசில்தான். இதற்குமேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்? என் அம்மாவும் அப்படித்தான். எதையாவது என்னிடம் கேட்பாள், நான் தெளிவாகப் பதில் சொல்வேன், "ஆவட்டும்பா" என்பாள். பிறகு மெதுவாகக் கொல்லைப்பக்கம் போய்ப் போனில் அவனைக் கேட்பாள்.

இப்படி நான் எரிந்துகொண்டும் அவன் குளிர்ந்துகொண்டும் இருந்த நேரத்தில்தான் என் தலையில் இடி விழுந்தது. எங்கள் லைனையே புனேவுக்கு மாற்றுகிறோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். வருகிறவர்களுக்கு அங்கே வேலை உண்டு, வராதவர்கள் கணக்கு முடித்துக்கொண்டு போகலாம், திங்கட்கிழமை பதில் சொல்லுங்கள் என்றார்கள்.

வீட்டில் வந்து சொன்னேன். எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் வழக்கம்போலத் தோளை நிமிர்த்திக்கொண்டு, "எல்லாம் யோசிச்சி வெச்சிகீறேன்" என்றேன். ஒரு மண்ணும் யோசிக்கவில்லை. போனால் ஊர் போய்விடும், பள்ளிக்கூடம் போகிற என் மகளின் படிப்பு நடுவில் அறுந்துவிடும், அம்மா அங்கே யாரோடு பேசுவாள்? போகாவிட்டால் இந்த வயதில் யார் எனக்கு வேலை தருவார்கள்? மிஷினைத் தவிர எனக்கு என்ன தெரியும்? அதுவும் அந்த ஒரு மிஷின். ராத்திரி தூக்கம் போயிற்று, காலையில் நாஷ்டா இறங்கவில்லை. அம்மா தனியாகக் கேட்டபோது "பூனாவுல வூடு பாக்கச் சொல்ட்டேன்மா" என்றேன். கலை தனியாகக் கேட்டபோது "இங்கியே லேத்து பட்டறை போட்டுடலாம்" என்றேன். இரண்டு பேரும் அடுப்படியில் ஒன்றாக நின்று தோசை சுடுவார்கள் என்பதை மறந்துவிட்டேன்.

"அத்த, உங்க புள்ள லேத்து போடறாராம்."

"பூனாவுல போயி லேத்து போடறானா?"

"இங்கதானே போடறேன்னாரு?"

இரண்டு பேரும் தோசைத் திருப்பியோடு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "ரெண்டும் பிளான்ல கீது" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை. பதில் சொல்ல மிச்சம் இருந்தது அந்த ஒரு பகல்தான். ஏரிக்கரை வரைக்கும் போனேன், திரும்பினேன், கால் தானாக உரக்கடைக்கு வந்து நின்றது.

இவன் படிக்கட்டில் உட்கார்ந்து டீயும் போண்டாவுமாக இருந்தான். தலைக்குமேல் அந்தக் காலி போர்டு. அவனைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நாளைக்கு என்ன என்று இவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இவன் போண்டா தின்கிறான், எனக்குப் பச்சைத்தண்ணீர் இறங்கவில்லை. என்ன அநியாயம் இது?

"டேய்" என்றேன்.

"இன்னா?"

"எனுக்குத் தெரிலடா."

டீ கிளாஸைக் கீழே வைத்தான். "இன்னா சொன்ன?"

"தெரிலடா. போறதா, இருக்கறதா, போனா இன்னா ஆவும், இருந்தா இன்னா ஆவும், ஒண்ணியும் தெரில. வூட்ல தெரியும் தெரியும்னு சொல்ட்டு வந்துகீறேன்."

சிரிப்பான் என்று நினைத்தேன். நானாயிருந்தால் சிரித்திருப்பேன், இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து. அவன் நகர்ந்து படியில் இடம் விட்டான், உட்கார்ந்தேன். 'வா, போயிக் கேக்கலாம்' என்பான் என்று காத்திருந்தேன், அதையும் சொல்லவில்லை. தெருவில் ஒரு நெல் லாரி போய்க்கொண்டிருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குத் தாங்கவில்லை.

"கொடத்துல போட்டுடலாமா?" என்றேன். "உங்கூட்டுக் கொடம் மேல உன் ரூம்லதான கீது? பூனா ஒரு சீட்டு, உத்திரமேரூரு ஒரு சீட்டு. வந்தது வந்ததுதான். இந்த வாட்டி நீ எடு."

"வேணாம்" என்றான்.

குடம் என்றால் ஊரில் முதலில் எழுந்து ஓடுகிறவன் அவன். தன் படிப்பையே அதில் போட்டவன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏன்டா?" என்றேன்.

லாரியையே பார்த்துக்கொண்டு சொன்னான்: "பூனான்னு வந்துட்டா?"

நான் அவனைப் பார்த்தேன், அவன் என்னைப் பார்க்கவில்லை. போண்டாக் காகிதத்தை என் பக்கம் தள்ளி, "ஆறுது. துன்னு" என்றான். தின்றேன். அந்த வாரத்தில் எனக்குள் ஒழுங்காக இறங்கிய முதல் சாப்பாடு அதுதான்.

வீட்டுக்கு வந்து கலையிடம், "எனுக்கு இன்னா பண்றதுன்னு தெரில. ஆனா ஊர வுட்டுப் போவல" என்றேன். அழுவாள், இல்லை சண்டை போடுவாள் என்று பார்த்தேன். "அத்த மொதல்லியே சொல்றதுக்கு இன்னா?" என்றாள். "நானும் தெரியாமத்தான் ஒரு வாரமா மனசுக்குள்ள புயுங்கிக்கினு கீறேன். ரெண்டு பேருக்கும் தெரிலன்னா கொஞ்சம் தெம்பா இருக்குதில்ல?"

திங்கட்கிழமை கம்பெனியில் போய், வரவில்லை என்று சொன்னேன். ஹெச்ஆரில் இருந்த சின்னப்பெண் மரியாதையாக, "அடுத்து என்ன சார் பண்ணப் போறீங்க?" என்று கேட்டாள். கண்டக்டர் ஞாபகம் வந்தார், அப்பா ஞாபகம் வந்தார், சித்தப்பாவின் சாக்லெட் ஞாபகம் வந்தது. "தெரியலம்மா" என்றேன்.

அடடா, சொல்லி முடித்ததும் உடம்பு எவ்வளவு லேசாகிறது என்கிறீர்கள். கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த பித்தானைக் கழற்றிவிட்ட மாதிரி இருந்தது. சண்டாளன், ஆறாவது வகுப்பிலிருந்து இந்தச் சுகத்தை என் கண்ணெதிரிலேயே தனியாக அனுபவித்துக்கொண்டிருந்திருக்கிறான். ஒரு வாய் எனக்குக் கொடுத்தானா?

கேட்டைத் தாண்டி வெளியே வந்தேன். புளிய மரத்தடியில் அவன் பைக்கைச் சாய்த்து நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருந்தான். நான் வரச்சொல்லவில்லை. எத்தனை மணிக்கு வந்தானோ, சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது.

"இங்க இன்னாடா பண்ற?" என்றேன்.

"தெரில" என்றான், வண்டியை உதைத்துக்கொண்டே.

பின்னால் ஏறி அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன். பாலாற்றுத் திருமுக்கூடல் பாலம் வரும்வரைக்கும் எங்கே போகிறோம் என்று நான் கேட்கவே இல்லை.